மொட்டும் கான்கிரீட்டும்: ஆழ்வார்பேட்டையிலிருந்து ஒரு நாள்

பல்கேரியாவுக்குப் போகிற வெளிநாட்டுப் பயணிகளிடம் நன்றாக விலைபோகும் ஒரு நாள் சுற்றுலா ஒன்று உண்டு. சோஃபியாவிலோ பிளவ்திவிலோ காலையில் வேன் ஏறினால், பால்கன் மலைத்தொடரில் 1,400 மீட்டருக்கு மேலே இருக்கும் புஸ்லுஜா சிகரத்துக்குக் கொண்டுபோவார்கள். மொட்டை உச்சியில், பறக்கும் தட்டு வந்து இறங்கியது மாதிரி ஒரு கான்கிரீட் மண்டபம். அதையொட்டி 70 மீட்டர் உயரக் கோபுரம், கோபுரத்தில் சிவப்புக் கண்ணாடி நட்சத்திரம். சாளரங்கள் உடைந்து, கூரைத் தகடு பெயர்ந்து, உள்ளே மொசைக் சித்திரங்கள் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு மலையிறங்கினால் கசன்லக் நகரமும் ரோஜாப் பள்ளத்தாக்கும். மே, ஜூன் மாதமானால் வயலில் இறங்கிப் பூப்பறிக்கலாம், வாலையில் எண்ணெய் வடிப்பதைப் பார்க்கலாம், ரோஜா ஜாம் வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.

இப்படி ஒரு ஜோடியைச் சேர்த்து விற்பவர்களின் கணக்கு எளிமையானது. ஒரு பக்கம் செத்துப்போன சித்தாந்தம், இன்னொரு பக்கம் சாகாத கிராமத்து மரபு. காலையில் கான்கிரீட்டைப் பார்த்துப் பெருமூச்சு, மாலையில் ரோஜாவை முகர்ந்து ஆறுதல். பயணிக்கு நல்ல கதைதான். ஆனால் இரண்டு பாதியுமே சரியில்லை. ரோஜாவிலும் அரசாங்கம் இருந்தது, கான்கிரீட்டிலும் ஜனங்கள் இருந்தார்கள். இதைச் சரிபார்க்க பல்கேரியா வரை போகவேண்டியதுகூட இல்லை. ஆழ்வார்பேட்டையிலிருந்து ஒரு நாள் பாதை ஒன்றை வகுத்துப் பார்த்தாலே போதும்.

முதலில் பல்கேரியப் பாதியை முடித்துவிடுவோம். புஸ்லுஜாவில் 1891இல் திமிதர் பிளாகோயெவ் தலைமையில் சோஷலிஸ்டுகள் ரகசியமாகக் கூடிக் கட்சி அமைத்தார்கள். அதன் நினைவாக 1974இல் தொடங்கி, கட்டடக் கலைஞர் கியோர்கி ஸ்டோயிலோவின் வடிவமைப்பில் எழுந்து, 1981 ஆகஸ்டில் திறக்கப்பட்டது இந்த மண்டபம். மலை உச்சியை வெடிவைத்துச் சமன் செய்தார்கள். ராணுவத்தினரும் தொண்டர்களுமாக ஆயிரக்கணக்கானவர்கள் வேலை பார்த்தார்கள். செலவுக்கு மக்களிடம் நன்கொடை திரட்டினார்கள். அதில் எத்தனை பங்கு மனமுவந்து கொடுத்தது, எத்தனை பங்கு கேட்டதற்காகக் கொடுத்தது என்பதில் பல்கேரியர்களுக்குள் இன்றும் வாக்குவாதம் உண்டு. 1989 நவம்பரில் ஆட்சி மாறியதும் மண்டபம் கைவிடப்பட்டது. எட்டே வருடப் பயன்பாடு. 2018இல் ஐரோப்பாவில் அழியும் நிலையிலுள்ள மரபுச் சின்னங்களின் பட்டியலில் அது சேர்ந்தது, 2019இல் கெட்டி அறக்கட்டளை பாதுகாப்புத் திட்டத்துக்கு நிதி தந்தது. உள்ளே போக அனுமதியில்லை; வெளியே நின்று பார்க்கலாம்.

கசன்லக் ரோஜா ஒட்டோமான் காலத்தில் அங்கே வேரூன்றிய டமாஸ்க் வகை. ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கு மேல் பூ வேண்டும். வெயில் ஏறினால் இதழிலிருக்கும் எண்ணெய் ஆவியாகிவிடும் என்பதால் விடியற்காலையிலேயே பறித்து முடித்து, அன்றைக்கே வாலையில் ஏற்றியாக வேண்டும். பறித்த நிமிடத்திலிருந்து ரோஜா இழந்துகொண்டே இருக்கிற பூ. ஆகவே வாலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதிகாரமும் இருக்கும். விவசாயி எவ்வளவு பறித்தாலும் கடைசியில் ஒரு செம்புக் கொப்பரையின் வாசலில் வந்து நின்றாக வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த கம்யூனிஸ்ட் ஆட்சி இந்தக் கொப்பரைகளையும் ஏற்றுமதியையும் அரசுடைமையாக்கியது. அதற்கு அதிக சிரமப்படவில்லை, கழுத்து ஒரே இடத்தில்தான் இருந்தது. 1903இல் தொடங்கிய ரோஜாத் திருவிழா, 1907இல் தொடங்கிய ரோஜா ஆராய்ச்சி நிலையம், 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் தந்த புவிசார் பாதுகாப்பு எல்லாம் சேர்ந்ததுதான் இன்று பயணி காணும் ‘தொன்மரபு’. புஸ்லுஜாவுக்கும் அந்த வயலுக்கும் ஒரு காலத்தில் ஒரே முதலாளி.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். புஸ்லுஜா திறப்பதற்கு ஒரு மாதம் முன்புதான், 1981 ஜூலையில், பல்கேரியாவின் கலாச்சாரத் துறைக்குத் தலைமை வகித்த லியுத்மிலா ஷிவ்கோவா 38 வயதில் இறந்துபோனார். ஆட்சித் தலைவர் தோடர் ஷிவ்கோவின் மகள். பொருள்முதல்வாத அரசின் கலாச்சாரத் தலைவியான இவருக்கு உள்ளூர ஈடுபாடு ரஷ்ய ஓவியர் ரோரிக்கின் குடும்பம் வளர்த்த அக்னி யோகத்தில். 1978ஆம் ஆண்டை நிக்கோலாஸ் ரோரிக் ஆண்டாகவே பல்கேரியாவில் கொண்டாடவைத்தார். அக்னி யோகத்தின் வேர் பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையாரிடம் போய் முடியும். அம்மையார் 1882 இறுதியில் வந்து தங்கிய இடம் நம் அடையாறு. பிரம்மஞான சபையின் தலைமையகம் இன்றைக்கும் அங்கேதான். ரோரிக்கின் மகன் ஸ்வெதோஸ்லாவ், நடிகை தேவிகா ராணியை மணந்து பெங்களூரு அருகே தட்டகுனியில் பெரிய எஸ்டேட் வைத்திருந்தார். அங்கே என்ன பயிர் தெரியுமா? லினலோ மரம், வாசனை எண்ணெய்க்காக. ஷிவ்கோவா ஸ்வெதோஸ்லாவின் நண்பர். செங்கொடி, அடையாறு ஆலமரம், அத்தர் எண்ணெய் மூன்றையும் ஒரே நூலில் கோத்திருக்கிறது வரலாறு. வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை, சொன்னால் எதிர்வுக் கதை கெட்டுப்போகும்.

சென்னைக்கு வருவோம். இங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி ஒரு நாளும் நடந்ததில்லை. கேரளத்தில் 1957இல் வந்தது, மேற்கு வங்கத்தில் 1977 முதல் 2011 வரை இருந்தது. தமிழ்நாட்டில் கட்சிகளும் சங்கங்களும் போராட்டங்களும் இருந்தன, கோட்டையில் அமரவில்லை. ஆகவே ‘கம்யூனிஸ்ட் காலக் கட்டடக் கலை’ என்று இங்கே தேடினால் கிடைப்பது எல்லாம் கைமாற்றாக வந்தவை. வேடிக்கை என்னவென்றால், நகரத்திலேயே பார்வைக்கு மிகவும் ‘சோவியத்’தாகத் தெரியும் சிற்பத்தை நிறுவியது காங்கிரஸ் ஆட்சி. மெரினாவில் பாறையை நெம்பும் நால்வரின் உழைப்பாளர் சிலை, தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் காமராஜர் முதல்வராக இருந்தபோது வைக்கப்பட்டது. 1923 மே 1 அன்று இந்தியாவின் முதல் மே தினத்தைச் சிங்காரவேலர் கொண்டாடியது இந்தக் கடற்கரையில்தான் என்பதால் சிலைக்கு அந்த இடம் பொருந்திப்போனது. தியாகராய நகரில் கட்சிகளின் மாநில அலுவலகங்கள் இருக்கின்றன: இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு பாலன் இல்லம், மார்க்சிஸ்ட் கட்சிக்கு வைத்தியராமன் தெருவில் பி. ராமமூர்த்தி நினைவகம். கட்டடக் கலை என்று பார்த்தால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

சோவியத் கை நேரடியாகப் பட்ட இடங்கள் வேறு. 1955 இறுதியில் புல்கானினும் குருஷ்சேவும் இந்தியா முழுவதும் சுற்றி வந்தார்கள், சென்னைக்கும் வந்தார்கள். அதற்குப் பிறகான பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பிலாய் எஃகாலை தொடங்கிப் பல பெருந்திட்டங்கள். தமிழ்நாட்டுக்குக் கிடைத்ததில் பெரியது நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம். 1962இல் முதல் அலகு ஓடத் தொடங்கி, 1970க்குள் ஒன்பது அலகுகளாக 600 மெகாவாட்டுக்கு வளர்ந்தது. சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி தோண்டும் ராட்சத சக்கர எந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து, மின்சாரம் தயாரிக்கும் கொதிகலனும் சுழலியும் சோவியத்திலிருந்து. பெர்லின் சுவர் பிரித்த இரண்டு தரப்பும் தென்னாற்காட்டுச் செம்மண்ணில் ஒரே நிலக்கரிக்காகச் சேர்ந்து உழைத்தன. அந்த நிலையம் 2020 செப்டம்பரோடு நிறுத்தப்பட்டது. சென்னையின் இரண்டு தலைமுறை மின்விசிறி அதில்தான் சுற்றியது.

நெய்வேலி ஒரு நாள் பாதைக்குத் தொலைவு. ஆனால் கிண்டியைத் தாண்டி நந்தம்பாக்கம் பக்கம்தான். 1961இல் தொடங்கிய ஐ.டி.பி.எல். என்ற பொதுத்துறை மருந்து நிறுவனத்துக்கு சோவியத் உதவியுடன் மூன்று ஆலைகள் அமைந்தன. ரிஷிகேஷில் ஆன்டிபயாடிக், ஹைதராபாத்தில் செயற்கை மருந்து, சென்னை நந்தம்பாக்கத்தில் அறுவை சிகிச்சைக் கருவிகள். மூன்றில் சென்னைக்கு வந்ததுதான் துரதிர்ஷ்டசாலி. கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் சோவியத் மாதிரியில் செய்யப்பட்டன. பிரிட்டிஷ் மாதிரிக் கருவிகளில் கை பழகிய இந்திய அறுவை மருத்துவர்களிடம் அவற்றுக்குப் போதிய கிராக்கி வரவில்லை. கட்டடத்தைவிட அந்த இடுக்கிகள்தான் இந்தச் சுற்றுலாவில் காட்டவேண்டியவை என்பது என் கட்சி. மாஸ்கோவில் போட்ட திட்டம் ஒரு மயிலாப்பூர் டாக்டரின் இரண்டு விரலுக்கிடையே எங்கே இடறியது என்பதை எந்த நினைவு மண்டபமும் சொல்லாது.

ஆழ்வார்பேட்டைக்கு வந்தால், கஸ்தூரி ரங்கா சாலையில் ரஷ்ய கலாச்சார மையம். ‘தி இந்து’ நாளிதழின் அதிபர் கஸ்தூரி ரங்க ஐயங்காரின் பெயர் தாங்கிய தெருவில், பங்களாக்களுக்கு நடுவே, சோவியத் பண்பாட்டு இல்லமாகத் தொடங்கியது. கூப்பிடு தொலைவில் இல்லையென்றாலும் சற்றே நடந்தால் ஜெமினி மேம்பாலத்தருகே 1969இல் எழுந்த அமெரிக்கத் துணைத் தூதரகம். பனிப்போரின் இரண்டு பக்கமும் ஒரே பஸ் ரூட்டில். இரண்டு இடத்திலும் நூலகமும் இலவச சினிமாவும் உண்டு என்று தெரிந்துவைத்திருந்த சென்னை இளைஞர்களுக்கு அணிசேராக் கொள்கையை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

இந்த மையத்தில் 1972இல் சதுரங்க வீரர் மானுவல் ஆரோன் தொடங்கிய சதுரங்க மன்றத்துக்கு லத்விய உலக சாம்பியன் மிகைல் தாலின் பெயர். அங்கே விளையாடி வளர்ந்த பையன் விஸ்வநாதன் ஆனந்த், 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக, ஜெயித்தவர் தொடர்ந்து ஆடும் மின்னல்வேக ஆட்டத்தில்தான் அவருடைய வேகம் உருவானது. சென்னைக்கு இன்றிருக்கும் ‘சதுரங்கத் தலைநகர்’ என்ற பெயரின் ஒரு மூலை இந்தக் கட்டடத்தில் இருக்கிறது. சோவியத் ஒன்றியம் சென்னைக்கு ஏற்றுமதி செய்ததில் ஓடாத சரக்கு நந்தம்பாக்கத்துக் கத்தரி என்றால், ஓடிய சரக்கு சதுரங்கமும் புத்தகமும். முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் மாஸ்கோவில் அச்சிட்ட தமிழ்ப் புத்தகங்கள், 1951இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக, காபி விலைக்குக் கிடைத்தன. 1991 டிசம்பரில் ஒன்றியம் கலைந்ததும் அந்த வரத்து நின்றது.

கட்டடத்தின் இயக்கம் மட்டும் நிற்கவில்லை. உள்ளே திரைப்படச் சங்கங்களின் காட்சிகள், சர்வதேசத் திரைப்பட விழாவின் அரங்குகளில் ஒன்று, நாட்டிய நிகழ்ச்சி, புத்தக வெளியீடு, ரஷ்ய மொழி வகுப்பு. இப்போது ரஷ்யக் கல்விக் கண்காட்சியும் அங்கே நடக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு, ரஷ்யாவில் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு எவ்வளவு ஆகும் என்று அப்பாமார்கள் விசாரிக்கிறார்கள். புஸ்லுஜாவோடு இதை ஒப்பிட்டால் ஒரு விஷயம் பிடிபடும். அந்த மண்டபத்துக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருந்தார்கள்: போற்றுதல். போற்ற ஆள் இல்லாமல் போன அன்றே அது பாழாகிவிட்டது. ஆழ்வார்பேட்டைக் கட்டடத்துக்கு அந்த மகத்துவம் கிடைக்கவில்லை. வாடகைக்கு விடலாம் என்ற நிலையில் ஒரு அரங்கம், நாற்காலிகள், காற்றோட்டமான கூடம். அதனால் தப்பித்தது.

இனி பூ.

மயிலாப்பூரில் பூவின் கதை நந்தவனத்தில் தொடங்குகிறது. சிவநேசச் செட்டியாரின் மகள் பூம்பாவை மலர் பறிக்கப் போன இடத்தில் பாம்பு தீண்டி இறந்தாள், எலும்பும் சாம்பலுமாகக் குடத்தில் இருந்தவளைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடி எழுப்பினார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. கபாலீசுவரர் கோயிலில் அறுபத்துமூவர் விழா நாளில் இன்றைக்கும் அதை நடத்திக் காட்டுகிறார்கள். பேயாழ்வார் அதே ஊரில் கிணற்றுச் செவ்வல்லிப் பூவில் தோன்றியவர் என்பது வைணவ மரபு. இந்த ஊரில் பூ என்பது கடைத்தெருவுக்கு வெகு முன்பே புராணத்தில் இருக்கிறது. ஆனால் இன்று மாட வீதியில் விற்கிற ஒரு மொட்டுகூட மயிலாப்பூரில் பூத்ததல்ல.

வேன் ஒன்று வைத்துப் போகலாம் என்றால் வடமேற்கே, ஆரணியாற்றங்கரை பெரியபாளையம் பக்கம் போகவேண்டும். ஆடி மாதத்தில் வேப்பஞ்சேலை கட்டி வலம்வரும் பவானி அம்மன் கோயிலுக்குத்தான் சென்னைக்காரர்களுக்கு அந்த ஊரைத் தெரியும். எல்லாபுரம் ஒன்றியத்திலும் ஊத்துக்கோட்டைப் பக்கத்திலும் மல்லி, முல்லை, கனகாம்பரம், ரோஜா போடுகிறார்கள். மல்லிச் செடி நட்டால் பத்து வருடத்துக்கு மேல் நிற்கும். குண்டுமல்லிக்கு நாற்று பல இடங்களில் ராமேசுவரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து வருகிறது. அந்தத் தீவு மண்ணில் பதியம் போட்டதுதான் உயிர்பிடிக்கும் என்று மதுரை விவசாயிகளும் நம்புகிறார்கள். கார்த்திகையில், நவம்பர் கடைசி வாக்கில், முழங்கால் உயரத்துக்குக் கவாத்து. மாசி, பங்குனியில் மொட்டு பிடித்தால் ஐப்பசி வரை ஓடும். மார்கழிப் பனியில் செடி ஏறத்தாழச் சும்மா இருக்கும். அது மீள்வதற்குள் தை முகூர்த்தங்கள் வந்துவிடுகின்றன. கிலோ 3,000 ரூபாயைத் தாண்டுவதும் அப்போதுதான்.

பயணியை அழைத்துப் போகவேண்டிய நேரம் விடிவதற்கு முன். தலையில் டார்ச் மாட்டிக்கொண்டு, இடுப்பில் துணி மடி கட்டி, பெண்கள் வரிசையாகக் குனிந்து பறிக்கிறார்கள். செடியில் மூன்று வயது மொட்டு ஒன்றாக இருக்கும். பச்சை வாடை மாறாதது நாளை மறுநாளுக்கு. வெளுத்திருந்தாலும் இன்னும் இறுகியிருப்பது நாளைக்கு. முற்றித் திரண்டு பால்வெள்ளையாகப் பளபளப்பது மட்டும் இன்றைக்கு. இருட்டில் விரல் நுனி ஒரு தொடலில் இதைத் தீர்மானிக்கிறது. ஏற்கெனவே விரிந்த பூவுக்கு விலை இல்லை. காம்பு ஒடிந்த மொட்டுக்கும் விலை இல்லை, அதைத் தொடுக்க முடியாது.

ரோஜாவுக்கு நேர் எதிரானது மல்லிகையின் குணம். மொட்டைப் பறித்த பிறகும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். செடியில் இருந்தாலும் கூடையில் இருந்தாலும் சாயங்காலம்தான் விரியும், விரியும்போதுதான் வாசனை உண்டாகும். சத்தியமங்கலம், நிலக்கோட்டைப் பக்கத்து வாசனைத் தொழிற்சாலைகள்கூட, காலையில் வாங்கிய மல்லியை ராத்திரி விரியும்வரை காக்கவைத்துத்தான் எடுக்கின்றன. கொதிநீராவி அதற்கு ஆகாது, ஹெக்சேன் போன்ற கரைப்பானில்தான் பிரித்தெடுக்க வேண்டும். ரோஜாவுக்கு வயலருகே வாலை வேண்டும். மல்லிகைக்கு அவகாசம் இருக்கிறது, பன்னிரண்டு மணி நேர அவகாசம். அந்த அவகாசத்துக்குள் பெரியபாளையத்து மொட்டு கோயம்பேடு போய், அங்கிருந்து மயிலாப்பூர் போய், ஒரு பெண்மணியின் மடியில் சரமாகி, இன்னொரு பெண்மணியின் தலைக்குப் போய் அங்கே விரிந்துகொள்ளலாம். இத்தனை கைகளுக்குள் பிரிந்துபோகிற பொருளை எந்த அரசாங்கம் எந்தக் கழுத்தில் பிடித்து அரசுடைமையாக்கும்? ஆளுங்கட்சி எதுவாக இருந்திருந்தாலும் சென்னை மல்லிகைக்கு ஒரு பல்கேரிய முடிவு வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அதற்காக இது அரசு தொடாத ஆதிமரபு என்று சொல்லிவிட முடியாது. பூக்காரம்மாவின் கூடையை ஒரு தடவை கிளறினால் தெரியும். சம்பங்கியும் செண்டுமல்லியும் மெக்சிகோவிலிருந்து வந்தவை, அமெரிக்கக் கண்டத்துக்குக் கப்பல் போன பிறகே நமக்கு அறிமுகம். நாம் மிகவும் கிராமத்துப் பூவாக நினைக்கும் கனகாம்பரத்தில் பெருவாரியாக விற்கும் ஆரஞ்சு வகைக்கு விவசாயிகள் வைத்திருக்கும் பெயர் டெல்லி கனகாம்பரம். மும்மடியக் குரோமோசோம் கொண்டது, விதை கட்டாது, போத்து நட்டுத்தான் பெருக்க முடியும். பரிமுல்லை, கோ 1, கோ 2 என்று முல்லையிலும் பிச்சியிலும் வரிசையாக ரகங்களை வெளியிட்டது கோவை வேளாண் பல்கலைக்கழகம். 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு. ஓசூரில் காதலர் தினத்துக்கு விமானம் ஏறும் ரோஜாவுக்குப் பசுமைக்குடில் பூங்கா அமைத்ததில் மாநில அரசு நிறுவனமான டிட்கோவுக்குப் பங்கு. கசன்லக் ஆராய்ச்சி நிலையம் செய்ததைத்தான் இங்கே கோவை செய்தது. மரபு என்று நாம் கையில் எடுத்துக்கொள்வதில் ஒரு பகுதி, ஏதோ ஒரு ஐந்தாண்டுத் திட்டத்தின் வரவு செலவில் இருக்கிறது.

ஆகவே அரசின் கான்கிரீட்டும் பூவும் ஒரே இடத்தில் சந்திப்பதைக் காண விரும்பினால், அந்த இடம் கோயம்பேடு. கொத்தவால் சாவடியின் நெரிசலைப் பிரித்து, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் கட்டி, 1996இல் திறந்த வளாகம். சுமார் 295 ஏக்கர். காய், கனி, பூ என்று தனித்தனிப் பகுதி. நீளமான நடைக்கூடம், ஒரே அளவுக் கடைகள், எண் போட்ட ஷட்டர். தாராளமயத்துக்குப் பின் திறந்ததென்றாலும் அதன் கற்பனை முழுக்கத் திட்டக்குழுக் காலத்தது: நகரத்தின் பசியை ஒரே வரைபடத்தில் அடக்கிவிடலாம் என்ற நம்பிக்கை. எந்தக் கட்டடக் கலைப் புத்தகத்திலும் அது அழகென்று வராது. விடியற்காலை ஐந்து மணிக்கு உள்ளே போனால், ஓசூர் ரோஜா செய்தித்தாளில் சுற்றிக் கட்டுக்கட்டாக, திண்டுக்கல்லிலிருந்து வந்த மல்லி மூட்டையாக, தர்மபுரி, கிருஷ்ணகிரிச் சாமந்தி மலையாக, நடுவில் ஈரச் சாக்கின் மேல் மருக்கொழுந்து. கமிஷன் மண்டிக்காரர் கூவுகிற விலை பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மாறுகிறது. முகூர்த்த நாளுக்கு முந்தைய தினம் அந்த இரைச்சலே வேறு.

2020 மே மாதம் கொரோனா பரவலால் வளாகத்தை மூடியபோது காய்கறியைத் திருமழிசைக்கும், பூவையும் பழத்தையும் மாதவரத்துக்கும் மாற்றினார்கள். கோயில் மூடியிருந்தது, கல்யாணம் நின்றிருந்தது. செடிக்கு ஊரடங்கு தெரியாது, பூத்துக்கொண்டே இருந்தது. பறித்தால் கூலிக்கும் கட்டாது, பறிக்காவிட்டால் செடி கெடும், பறித்துக் கொட்டினார்கள். பல கைகளுக்குப் பிரிந்துபோவதுதான் இந்தத் தொழிலின் பலம் என்று மேலே சொன்னேன். ஒரே நேரத்தில் எல்லாக் கையும் நின்றுபோனால் அதற்கு ஒதுங்க ஒரு கொப்பரைகூட இல்லை என்பது அப்போது தெரிந்தது. வாசனைத் தொழிற்சாலைகள் வாங்கியது மொத்த விளைச்சலில் கொஞ்சம், அதுவும் அவர்கள் சொன்ன விலைக்கு.

பகலில் நந்தம்பாக்கத்தை வெளியிலிருந்து பார்த்து, ஆழ்வார்பேட்டையில் ஏதாவதொரு படமோ கூட்டமோ இருந்தால் உட்கார்ந்து எழுந்து, மாலை ஐந்து மணிக்கு மயிலாப்பூர் மாட வீதிக்கு நடந்து வந்தால் நேரம் சரியாக இருக்கும். காலையில் பெரியபாளையத்தில் பறித்த மொட்டு இப்போது நாரில் ஏறிக்கொண்டிருக்கும். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், காம்புகள் நடுவில் சேர, நனைத்த வாழைநாரை ஒரு சுற்றுச் சுற்றி விரலில் வளையம் போட்டு இழுத்தால் ஒரு கண்ணி. பூக்காரம்மா வாங்குபவரைப் பார்த்துக்கொண்டே பேரம் பேசுவார், கை நிற்காது. விற்பது முழக் கணக்கில். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. யார் கை என்பதில் தகராறு நிரந்தரம். மொத்த விலை ஏறினால் முழத்தின் விலையை உடனே ஏற்ற மாட்டார்கள், வாடிக்கை போய்விடும். கண்ணிக்குக் கண்ணி இடைவெளி விடுவார்கள். நெருக்கிக் கட்டிய சரம் இளகிக் கட்டிய சரமாகும், நாலு மொட்டு மூன்றாகும். கோயம்பேட்டு விலைப் பலகையைப் பார்க்காமலே, மாட வீதியில் ஒரு முழம் வாங்கிக் கண்ணியை எண்ணி அன்றைய நிலவரத்தைச் சொல்லிவிடலாம்.

இந்தப் பாதையை நிஜமாகவே ஒருவர் நடத்த முன்வந்தால் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று, காலம். எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் வரை 133 கிலோமீட்டர் சுற்றுவட்டச் சாலை திருவள்ளூர் மாவட்டத்தின் வழியே வருகிறது. சாலை வருமுன்னே மனைப்பிரிவின் கொடிக்கம்பங்கள் வந்துவிடுகின்றன. மல்லித் தோட்டத்துக்குக் கூலி ஆள் கிடைப்பது ஏற்கெனவே கஷ்டம். பக்கத்து நிலம் சென்ட் கணக்கில் விலைபோகும்போது பத்து வருடச் செடியைக் கவாத்து செய்து வைத்திருக்க மனம் வராது. பூ வளர்க்கும் கிராமம் என்று எழுதி அச்சிட்ட சுற்றுலாத் தாளில் ஊர்ப் பெயரை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மாற்றவேண்டியிருக்கும்.

இரண்டாவது சிக்கல் வயலிலேயே இருக்கிறது. கசன்லக்கில் பயணிகள் காசு கொடுத்துப் பறிக்கிறார்கள். அதே பள்ளத்தாக்கில் பெரும்பாலும் ரோமா இனத்தவரான தொழிலாளர்கள் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலிக்குப் பறிக்கிறார்கள். ரோஜாவில் அது செல்லும், இதழ் எப்படிக் கிழிந்து வந்தாலும் கொப்பரைக்குள் ஒன்றுதான். மல்லியில் செல்லாது. பழகாத கை பறித்தால் பாதி மொட்டு காம்பில்லாமல் வரும், மீதி நாளைக்கு ஆகவேண்டிய மொட்டாக இருக்கும். அதோடு கோயம்பேடு வண்டி ஆறு மணிக்குப் புறப்பட்டாக வேண்டும். படம் எடுத்துக்கொண்டு வரப்பில் நிற்பவருக்காக அது காத்திருக்காது, காத்திருந்தால் அந்த நாள் விலை போய்விடும். பெரியபாளையத்துப் பெண்களிடம் கேட்டால், வருகிறவர்கள் வரப்பிலேயே நிற்கட்டும், வேண்டுமானால் அரைக் கிலோ எடைபோட்டு வாங்கிக்கொண்டு போகட்டும் என்பார்கள். அப்படி வாங்கினால் பணம் கையோடு வேண்டும். மண்டியில் போட்டால் கமிஷன் போக மீதிதான் வரும்.